சிவப்பு வாளி வீடு

அக்கா,

இன்று காலை மார்க்கெட் வழியாகப் பள்ளிக்கு வரும்போது, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பனங்கிழங்கைக் குவித்து வைத்திருந்தார். மஞ்சள் போட்டு அவித்தது. அந்த வாசனை வந்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்து மதியம் ஸ்டாஃப் ரூம் மேசைமேல் வைத்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் அறிவியல் மிஸ் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க ஊர்க் கிழங்கா மிஸ்?" என்று கேட்டாள்.

ஆறு வருஷத்துக்கு மேலாக இதற்கு "ஆமாம்" சொல்லிப் பழகிய வாய் இது. இன்றைக்கு வரவில்லை. என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இந்த மடலில் அதிகம் இல்லை. ஆனால் நான் செய்ததை என் வாயால் உங்களிடம் ஒருநாளும் முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. அந்தத் தைரியம்கூட நீங்கள் போன பிறகுதான் வருகிறது, பாருங்கள்.

பி.எட். படித்த வருஷம் முடிச்சூர் ரோட்டில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியறையில் நாம் இரண்டு பேரும் இருந்தோம். சாயங்காலம் அறைக்குள் இருக்க முடியாது, வெந்துவிடுவோம். மொட்டை மாடியில் பாயை விரித்துக்கொண்டு நீங்கள் உங்கள் ஊரை எடுத்துவிடுவீர்கள். திருச்செந்தூர் பக்கத்துத் தேரி. சிவப்பு மணல். சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கையில் ஒரு இலைக் கொப்பை வைத்திருப்பார்கள். பத்தடி ஓடுவது, கொப்பை மணலில் போட்டு அதன்மேல் ஏறி நிற்பது, கால் ஆறினதும் மறுபடி ஓடுவது. அப்புறம் உங்கள் சர்ச்சில், நீங்கள் கோவில் என்பீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அசனம். ஊரே ஒன்றாகச் சமைத்து, சாப்பிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு ஒரு வாளி என்று எடுத்துப்போகும் நாள். வாளி மாறி அடிதடி ஆகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாளிக்கு ஒரு நிறம் பூசிவைப்பார்கள். கடைசியில் ஊரில் குடும்பப் பேரே போய், நிறம் பேராகிவிட்டது. "நாங்க சிவப்பு வாளி வீடுட்டீ. மஞ்ச வாளி வீட்டுல எங்களுக்குப் பொண்ணு குடுக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு நீங்களே விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கடலோரத்தில் எங்கள் குப்பம். கரையில் வரிசையாகப் படுத்திருக்கும் நாய்கள், எத்தனை போட் வந்தாலும் தலை தூக்காது. தன் வீட்டு போட் வந்தால் மட்டும் எழுந்து தண்ணீர்வரை போகும். எஞ்சின் சத்தத்தை வைத்தே அதற்குத் தெரியும். நீங்கள் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாயாகப் பார்த்துவிட்டுத்தான் நம்பினீர்கள். அன்றைக்கு எங்கள் அம்மா வறுத்துப் போட்ட நெத்திலியைத் தட்டு தட்டாகத் தின்றீர்கள்.

படிப்பு முடிந்ததும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் ஊருக்குப் போனீர்கள். நான் ஜூன் மாதம் இந்தப் பள்ளியில் சேர்ந்தேன். இங்கே வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு ஊர்க்கதை சொல்ல வேண்டும். பி.டி. சார் அரக்கோணம். "எங்க ஊர்ல ரயில் சத்தம் நின்னாத்தான் சார் தூக்கம் கலையும்" என்று அவர் தொடங்குவார், அப்படியே சுற்றிவரும்.

என் முதல் வெள்ளிக்கிழமை நான் குப்பத்திலிருந்து நேராக வந்திருந்தேன். அதே பஸ்ஸில் அம்மாவும் மீன் அன்னக்கூடையோடு வந்தார். அம்மா பின்னால் உட்கார்ந்தார், நான் முன்னால். அதுவே வெட்கக்கேடுதான். மதியம் இங்கிலீஷ் மிஸ் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "வண்டலூர்ல ஏறினேன், மீன்காரி பக்கத்துலதான் சீட். புடவையெல்லாம் நாத்தம், ஒரே பேஜார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே என் பக்கம் திரும்பி, "நீங்க எந்த ஊரு மிஸ்?" என்றார்கள்.

திருச்செந்தூர் பக்கம் என்றேன். கூசாமல் சொன்னேன் அக்கா. தேரி என்றேன், கொப்பு என்றேன், வாளி என்றேன். எல்லோரும் சாப்பாட்டை மறந்து கேட்டார்கள். பேச்சு மெட்ராஸ் மாதிரி இருக்கிறதே என்று பி.டி. சார் கேட்டதற்கு, "காலேஜ்ல மாறிடுச்சு சார்" என்று அதற்கும் ஒன்று சொன்னேன். நான் உங்களுடைய ஊரை எடுத்துக்கொண்டேன். திட்டமிட்டுச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டபோது திட்டமிட்டுத்தான் சொன்னேன்.

அக்டோபரில் ஒரு மிஸ் பிரசவத்துக்குப் போனார். இடம் காலி என்று உங்களுக்குப் போன் செய்ததே நான்தான். செய்யும்போது இது நினைவில் இல்லையா என்றால், இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் எலுமிச்சைச் சோறு கொண்டுவந்திருந்தீர்கள். "எங்க ஊரு தேரிக்காடு சார்..." என்று ஆரம்பித்தீர்கள். பி.டி. சார் உடனே, "அட, தேரியா! தெரியுமே, இலைக் கொப்பு மேல நிக்கிறது! நம்ம மிஸ் ஊராச்சே!" என்று என்னைக் காட்டினார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். வாயிலிருந்த சோற்றை மெதுவாக விழுங்கிவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "எங்க ஊரு தேரிக்காடு மாதிரில்லாம் இல்ல சார்னு சொல்ல வந்தேன். நான் இங்கதான். தாம்பரம்."

"அப்ப பேச்சு?"

"இவகூட ஒரு வருசம் ரூம்ல இருந்தேன்லா? ஒட்டிக்கிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. இருந்தும் "அது என் ஊர் இல்லை" என்ற நான்கு வார்த்தை வரவில்லையே!

மாலை ஸ்டேஷன் பாலத்தில் ஏறினோம். உச்சிப்படியில் நின்று கேட்டீர்கள்.

"வாளியையும் சொல்லிட்டியாட்டீ?"

"ம்."

"நம்ம வாளி என்ன கலருன்னு சொன்ன?"

"பச்சைன்னு சொல்லிட்டேங்கா."

"சிவப்புட்டீ! களவாண்டா ஒழுங்கா களவாங்கணும்லா." அதற்குமேல் திட்டவில்லை. படி இறங்கும்போது, "எப்ப திருப்பித் தருவ?" என்றீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் வரவில்லை. தாம்பரத்தில் பிறந்தவர் என்று உங்களிடம் தாம்பரத்துக் கதை கேட்டார்கள். "இங்க என்ன சார் இருக்கு, எல்லாரும் ஏறி இறங்குத ஊரு" என்று சொல்லி நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள். உங்கள் அப்பா இறந்து திரும்பி வந்தபோதும் எந்த ஊரில் அடக்கம் என்று உங்களால் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர் ஊரில் என்றீர்கள். அன்றைக்காவது நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு அந்த டிசம்பர். கடல் உள்ளே வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் இருந்தார். அதனால் பிழைத்தார். வீட்டுச் சுவர் போனது, பாத்திரம் பண்டம் போனது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஸ்டாஃப் ரூமில் பழைய துணி சேர்த்தார்கள். "பாவம் அந்த ஜனங்க" என்றார் ஒருவர். "ஆமா, பாவம் அந்த ஜனங்க" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு என் பழைய புடவைகள் மூன்றை மூட்டையில் போட்டேன். வேன் எங்கள் குப்பத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும் தலைவலி என்று, நாம் மறுபடி சேர்ந்திருந்த மாடியறையில் படுத்துக்கொண்டேன். என் அம்மா வரிசையில் நிற்பார் என்று தெரிந்தே படுத்துக்கொண்டேன்.

நீங்கள் போய்விட்டு வந்து கட்டிலில் ஒரு நீலப் புடவையை வைத்தீர்கள். இன்டர்வியூவுக்குக் கட்டிக்கொள்ள அம்மா எனக்கு எடுத்துக் கொடுத்தது. மூட்டையைப் பிரித்ததும் அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டாராம். சத்தம் போடாமல் உங்களைத் தனியே கூப்பிட்டு, "எம் பொண்ணு வர்லியா டீச்சரம்மா?" என்றாராம்.

"பேப்பர் திருத்துதான்னு சொன்னேன்" என்றீர்கள். பொய் சொல்லியே பழகாத உங்கள் வாயில் அது எனக்காக வந்த இன்னொரு பொய்.

"இந்தச் சேலைய உங்கிட்டயே குடுக்கச் சொன்னாங்க. 'நல்லாத்தான் கீது, அவளையே கட்டிக்கச் சொல்லு'ன்னாங்க."

நான் அழுதேன். நீங்கள் சமாதானப்படுத்தவில்லை. அந்த ஒருநாள்தான் உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். "என் ஊரு போனாப் போவுது, எனக்கு அங்க ஆளு இருக்கு. உன் ஊர ஏன்ட்டீ தூக்கி எறியுத? அதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றீர்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அடுத்த வருஷம் தாண்டி மே மாதம், கல்யாணம் நிச்சயமாகி நீங்கள் ஊருக்கே போனீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "வெள்ளிக்கிழம சொல்லிரு, என்ன?" என்றீர்கள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். மாப்பிள்ளை மஞ்சள் வாளி வீடு என்று பிறகு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

போன வருஷம், அம்மா வீட்டில் வைத்துப் பார்த்தும், மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோனது. செய்தி வந்ததும் ரயிலேறினேன். பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரில் வந்தவரிடம் "சிவப்பு வாளி வீடு எங்க இருக்கு?" என்றேன். "நேராப் போய் கோவில் திருப்பத்துல" என்று கை காட்டினார். நான் அதுவரை பார்த்திராத தெரு. கோவில் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தனை தடவை என் ஊர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா?

உங்கள் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். யார் என்று நான் சொல்லவே இல்லை.

"நீ கடக்கரப் பிள்ளதான? உங்க ஊரு நாயெல்லாம் அவங்கவங்க வீட்டுப் போட்டுக்குத்தான் எந்திரிக்குமாமே? எங்க தெருப் பிள்ளைகளுக்கு அவ சொல்லாத நாள் இல்லம்மா."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஆமாம் என்றார்கள். உங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு என் குப்பம் தெரிந்திருந்தது. என் அம்மா வறுத்த நெத்திலிகூடத் தெரிந்திருந்தது. எல்லாம் என் பேரைச் சொல்லியே சொல்லியிருந்தீர்கள். "உண்மையா பிள்ள?" என்று உங்கள் அம்மா மறுபடி கேட்டார். "உண்மைதாம்மா" என்றேன். என் ஊரைப் பற்றி நான் வெளியாள் ஒருவரிடம் வாய்திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. அதையும் உங்களைப் பெட்டிக்குள் வைத்திருந்த வீட்டில்தான் சொன்னேன்.

இன்று மதியத்துக்கு வருகிறேன். அறிவியல் மிஸ் கிழங்கோடு பதிலுக்குக் காத்திருந்தாள். "இது என் ஊர்க் கிழங்கு இல்ல" என்றேன்.

பி.டி. சார் நிமிர்ந்தார். "இன்னா மிஸ் சொல்றீங்க? தேரின்னு..."

"இல்ல சார். நான் கேளம்பாக்கம் தாண்டி மீனவர் குப்பம். எங்கம்மா இங்க மார்க்கெட்லதான் மீன் விக்கிறாங்க. அந்த வாளி பச்சை இல்ல சார், சிவப்பு. நம்மகூட இருந்தாங்களே, தாம்பரம்னு சொன்னாங்களே, அவங்க வீட்டு வாளி. எல்லாம் அவங்க ஊரு."

இங்கிலீஷ் மிஸ் டிபன் பாக்ஸை மூடினார். திட்டுவார்கள், சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் கையிலிருந்த கிழங்கை மேசைமேல் வைத்துவிட்டு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நீங்க அந்த வாளிக் கதைய சொல்றப்பல்லாம் அந்தம்மாதான் முதல்ல சிரிப்பாங்க. புதுசா கேக்கிற மாதிரி சிரிப்பாங்க."

ஆமாம் அக்கா. மூன்றரை வருஷம். நான் உங்கள் பக்கம் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்ததால், நீங்கள் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை.

பெல் அடித்து எல்லோரும் எழுந்தபோது, "அப்ப அடுத்த வாரம் உங்க ஊர்க்கதை சொல்லுங்க மிஸ்" என்றாள் அறிவியல் மிஸ். சரி என்றேன். நாய்களின் கதையைத்தான் சொல்ல வேண்டும். சொல்லிப் பழக்கமே இல்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நாளைக்கு உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து, நீங்கள் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன்.