திரையில் ஏறிய பால்

அக்கா,

இன்று ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மகள் மல்லிகைச் சரம் கேட்டாள். வழக்கம்போல, "வேணாம், வா" என்றேன். பத்து வயதாகிறது, இதுவரை அவளுக்கு நான் மல்லிகை வாங்கிக் கொடுத்ததே இல்லை. ஏன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்களும் போய்விட்டீர்கள்.

உங்கள் குழந்தை இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்த நேரம் அது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். உங்கள் பிள்ளை குடித்ததையெல்லாம் கக்கியபோது கண்ணூறு என்று சொல்லிக் கயிறு கட்டினோம். கட்டச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் என் மகளும் அதேபோல் கக்கத் தொடங்கினாள். "கயிறும் வேணாம், துன்னூறும் வேணாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம் தங்கச்சி" என்று, அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினீர்கள்.

ஸ்கேன் என்றால் வெறும் வயிறு. என் வீட்டுக்காரரின் கல்லடைப்புக்கு அப்படித்தான் பார்த்தார்கள். அந்த மேதாவித்தனத்தில் குழந்தையைப் பட்டினி போட்டேன்; பால்மாப் போத்தலையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். எனக்கோ மூன்றாம் மாதமே பால் வற்றிவிட்டது. டாக்டர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "குடிச்ச பால் மேல ஏறுதான்னுதான் பார்க்கணும். வயித்துல ஒன்னுமே இல்லாம எதைப் பார்க்கிறது? இப்ப விட்டா அடுத்த மாசந்தாங்க."

நான் அழத் தொடங்கிவிட்டேன். நீங்கள் என் மகளை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையைத் தளர்த்தினீர்கள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகை வைத்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. வாடிய பூக்கள் தரையில் கொட்டின. அறை முழுக்க அந்த வாசம். என் மகள் மடக்மடக்கென்று குடித்தாள்.

பிறகு டாக்டர் அவள் வயிற்றில் கருவியை வைத்துத் திரையைக் காட்டினார். பால் திரும்பத் திரும்ப மேலே ஏறியது. "எம்புள்ளைக்கும் இதானா இருந்திருக்கும்?" என்று கேட்டீர்கள். டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார்.

மருந்து கொடுத்தோம், குடித்ததும் படுக்க வைக்காமல் நிமிர்த்தித் தூக்கி வைத்திருந்தோம். பாதி நேரம் தூக்கியது உங்கள் தோள்தான். மகள் தேறினாள். "பால் குடுத்ததை லயத்துல சொல்லிறாத. புள்ள செத்தவ பாலுன்னு பேசுவாங்க" என்றீர்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது, அக்கா. அதுதான் இப்போது அறுக்கிறது.

போன மாதம் கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கொட்டி நீங்கள் போனீர்கள். அடக்கம் செய்த மறுநாள் குழிமேட்டில், "புள்ள இல்லாத மனுசிக்கு யாருப்பா பால் தெளிக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உங்கள் கொழுந்தன் மகன் தெளித்தான்.

இன்று நாலடி நடந்தவள் திரும்பி வந்து அந்தச் சரத்தை வாங்கினேன். அக்கரப்பத்தனை பஸ்ஸில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பூவைத் தலையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். அப்புறம் அவள் கேட்டதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது, அக்கா:

"அப்ப நாந்தானேம்மா பெரியம்மாவுக்குப் பால் தெளிச்சிருக்கணும்?"