ஒரு சொட்டும் தரையில் விழவில்லை

மரியே துணை

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
4-2-1968

என் அன்புள்ள அத்தான் அல்போன்ஸ் அவர்களுக்கு, சூசைமேரி ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

நானும் சின்னம்மாவும் சுகம். உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? அந்தத் தீவில் தேங்காயையும் கருவாட்டையும் தவிர வேறு எதையாவது கண்ணில் காட்டுகிறார்களா? கப்பலில் வருகிற ஆளிடம் சீரகமும் ஓமமும் கொடுத்தனுப்பினேன். கிடைத்ததா என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

சரி, செய்திக்கு வருகிறேன். மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் அத்தான்! மீன்துறை ஆபீஸில் நான் வைத்த தொட்டியில் கண்காட்சி முடியும்வரை தண்ணீர் ஓடியது. மீன்கள் உயிரோடு இருக்கின்றன. அந்த வேலை கிடைத்துவிட்டது. வேலையோடு அந்த அறையும் கிடைத்துவிட்டது.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கரண்டு பம்பு இல்லாமல் தண்ணீர் சுற்றாது, எஞ்சின் வேலை தெரிந்த நானே முடியாது என்று சொன்ன காரியம், மீனைக் கடலில் கொட்டிவிட்டு வீட்டில் கிட என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன், மடித்தேன், மறுநாள் காலையில் தொட்டிக்குப் போனேன். கோபப்படாதீர்கள். முழுவதும் படித்துவிட்டு மொத்தமாகக் கோபப்படுங்கள்.

எனக்கு மீன்மேல் என்ன ஆசை? கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் என்றால் குழம்பு. ஆனால் குடியரசு தினக் கண்காட்சியில் பவளப்பாறை மீன்களை யார் சாகாமல் காட்டுகிறார்களோ, அவருக்கே மீன் காட்சிச் சாலையைப் பார்த்துக்கொள்ளும் பர்மனென்ட் வேலை, பின்கட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி என்று ஆபீஸர் சொன்னாரே, அந்த அடுப்படிதான் என்னைப் பிடித்து ஆட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு தவக்காலத்து நாற்பது நாளுக்குக்கூடத் தேறாது. அதுவும் சின்னம்மாவின் கடையில், மண்ணெண்ணெய் வாடையில், நடுவில் சின்னம்மாவின் குறட்டை வேறு.

நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். மேலே பரண் மாதிரி கட்டி ஒரு மரப் பீப்பாய். நடுவில் கண்ணாடித் தொட்டி. கீழே பாதியாக அறுத்த இன்னொரு பீப்பாய், அதில் மணலும் பவளக் கல்லும். மேலேயிருந்து கடல் தண்ணீர் ஒரு மரத் திருகு வழியாகத் தொட்டிக்குள் விழுந்துகொண்டே இருக்கும். அதிகமாவது கீழே இறங்கி மணலில் வடியும். தோணியில் தண்ணீர் இறைக்கிற கைப்பம்பு இருக்கிறதே, அதை வைத்துக் காலையும் மாலையும் அந்தத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவேன். கரண்டு எதற்கு? என் தோள் இருக்கிறது.

கஷ்டமெல்லாம் நடுத் தொட்டியில்தான். அதிகத் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். ஆபீஸ் கொத்தனார் ஒருவர் கண்ணாடியில் ஓட்டை போடப் பார்த்து ஒரு கண்ணாடியில் விரிசல் விழவைத்ததோடு சரி. அதனால் ஓட்டை இல்லாமல், தண்ணீர் விளிம்பின் மேலே ஏறித்தான் வெளியே போக வேண்டும். அதற்கு வளைகிற குழாய் வேண்டும். உங்கள் தகரப் பெட்டியில் போட் எஞ்சினுக்கு என்று ரப்பர் ஹோஸ் ஒன்று வைத்திருந்தீர்கள் இல்லையா? இருந்தது. இப்போது இரண்டு துண்டாக இருக்கிறது. புதுசு வாங்கித் தருகிறேன்.

ஹோஸின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சிக் கீழே போட்டேன். அழகாக ஓடியது. ஆகா, இவ்வளவுதானா என்று வீட்டுக்குப் போய்விட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை. இரவில் மேல் பீப்பாய் காலியாகிவிட்டது. ஹோஸ் தன் பாட்டுக்கு உறிஞ்சித் தொட்டித் தண்ணீரை இறக்கி, கடைசியில் காற்றைக் குடித்து நின்றுவிட்டது. காலையில் வாட்ச்மேன் பிஸ்வாஸ், பாவம், எனக்கு உதவி செய்கிறேன் என்று பம்பு அடித்துப் பீப்பாயை நிரப்பித் திறந்துவிட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்கு வழி இருக்கிறது, போவதற்கு இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் முழுக்கக் கடல். ஹெட்கிளார்க் பக்தவத்சலம் ஃபைல்களை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றார். ஏம்மா, மீனைக் காட்டச் சொன்னா கடலையே கொண்டாந்துட்டியே, இதென்ன எக்சிபிஷனா கப்பல் முழுகுற எடமா என்று மேலேயிருந்தே கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

ஆபீஸர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனி தரையில் தண்ணீர் விழுந்தால் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அறை போய்விட்டது, இனி என் புருஷனைக் கடிதத்தில் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்து அழுதேன். சொல்ல என்ன வெட்கம்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஒருத்தி மண்ணெண்ணெய் வாங்க வந்தாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஊற்றினேன். நம் பீப்பாயிலிருந்து எப்படி ஊற்றுவோம் என்று உங்களுக்குத் தெரியும். வாயால் உறிஞ்சினால் நாள் முழுக்க மண்ணெண்ணெய் ஏப்பம் வரும் என்று, அன்னம்மாள் சின்னம்மா குழாயின் வெளிமுனையை எப்போதும் ஒரு டப்பாவுக்குள் முங்கவைத்தே இருப்பார். டப்பாவை உயர்த்திப் பிடித்தால் எண்ணெய் இரண்டு பக்கமும் சமமாகி நின்றுவிடும். தாழ்த்தினால் தானாக ஓடி, டப்பா விளிம்பில் வழிந்து பாட்டிலில் விழும். முனை இரண்டும் எண்ணெய்க்குள்ளேயே கிடப்பதால் குழாய் காலியாவதே இல்லை. டப்பாவைத் தாழ்த்தினேன், எண்ணெய் ஓடியது, நான் அப்படியே நின்றுவிட்டேன். தினமும் செய்கிற வேலை அத்தான்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். வந்தவளின் பாட்டில் நிரம்பி வழிந்து, சின்னம்மா உள்ளேயிருந்து அடி கூறுகெட்டவளே என்று கத்தினார்.

விடிந்ததும் தோணித் தச்சர் ஜெபராஜ் அண்ணனைப் பிடித்தேன். சின்னதாக ஒரு மரப்பெட்டி செய்து, மூட்டுகளில் கசியாமல் குங்கிலியம் காய்ச்சிப் பூசிக் கொடுத்தார். அதைத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் கட்டினோம். தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டுமோ, அதே மட்டத்துக்குப் பெட்டியின் ஓரத்தை வெட்டினோம். ஹோஸின் ஒரு கால் தொட்டியில், மறுகால் பெட்டியில், இரண்டும் எப்போதும் முங்கியபடி. பெட்டியின் ஓரத்தில் வழிகிற தண்ணீர் பிளந்த மூங்கில் வழியாகக் கீழே போகும். மேலே தண்ணீர் நின்றால் இதுவும் நிற்கும், வந்தால் தானாக ஓடும். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஹோஸ் இரண்டு போட்டேன். முதல் நாள் ஆரஞ்சுக் கோடு போட்ட குட்டி மீன் ஒன்று ஹோஸுக்குள் புகுந்து கீழ்ப் பீப்பாயில் போய் விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தது. அப்புறம் முனையில் வலைத் துண்டு கட்டினேன்.

கண்காட்சி அன்று கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பெங்காலி, தெலுங்கு, மலையாளி, எல்லாரும் மீனைவிட ஹோஸைத்தான் பார்த்தார்கள். அரே, பானி ஊப்பர் கைஸே சட்தா ஹை, தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்று என்னைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கி விளக்கித் தொண்டை கட்டிவிட்டது. அந்த நெரிசலில் யாரோ மேல் பீப்பாயின் மரத் திருகை மூடிவிட்டார்கள். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் நின்றிருக்கிறது. ஆபீஸர் தொட்டி பக்கத்தில் பெரிய ஆட்களோடு நிற்கிறார். பக்தவத்சலம் எங்கிருந்தோ இரண்டு கோணிச் சாக்கு கொண்டுவந்து தரையில் விரிக்கத் தயாராக நிற்கிறார். வேண்டாம் தாயி, தொறக்காத, இப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினார்.

நான் திறந்தேன். தொட்டியில் தண்ணீர் ஏறியது. விளிம்புவரை போய்விடும்போல இருந்தது. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. பெட்டியின் ஓரம் நனைந்தது, ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் மூங்கிலில் சலசலவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. யாரும் ஹோஸைத் தொடவில்லை. தரை காய்ந்து கிடந்தது. பிஸ்வாஸ் ஷாபாஷ் தீதி, சபாஷ் அக்கா என்று கத்தி முதலில் கைதட்டினார், பிறகு மொத்தக் கூட்டமும். பக்தவத்சலம் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் தட்டினார். அத்தான், என் ஆயுசில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. நீங்கள் பார்க்கவில்லையே என்று அந்த நேரத்திலும் உங்கள்மேல் ஆத்திரம் வந்தது.

இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள். வேலைக்கு உத்தரவு போடும்போது, உன் புருஷன் பெயரையே போட்டுவிடட்டுமா, அவர் வந்து சேரும்வரை நீ பார்த்துக்கொள் என்று ஆபீஸர் கேட்டார். யோசித்தேன், பொய் சொல்லவில்லை. உங்கள் பெயரைப் போட்டிருந்தால் இந்தக் கடிதம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் பம்பு அடித்துத் தோள் வீங்கியவள் நான். என் பெயரையே போடச் சொன்னேன். அறைக் கதவில் சூசைமேரி என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட்டார்கள்.

உங்களுக்கு இது குத்தும். பெண்டாட்டி வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டான் என்று படகுத்துறையில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எஞ்சின் தெரிந்த கைக்கு இந்த ஊரில் வேலையா இல்லை? இல்லாவிட்டாலும்தான் என்ன? எனக்கு ஒரு கூரை தேடித்தானே அங்கே போனீர்கள். கூரை இங்கே கிடைத்துவிட்டது. இனி அங்கே யாருக்காக இருக்கிறீர்கள்?

சூசைமேரி தைரியசாலி, தனியாக இருந்து பழகிவிட்டாள் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பழகவில்லை அத்தான். அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுங்கள். கோபமாக வந்தாலும் சரி, என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். பனிமய மாதா காற்றையும் கடலையும் அடக்கி உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னும் புது அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்கும்,
உங்கள் சூசைமேரி