புல் வெட்ட வந்த டிர்க்

வோல்டரிங்க் பண்ணை, ஆல்டன், நெதர்லாந்து
19 ஏப்ரல் 1955

அன்பு மகன் ஹார்மெனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, பதினொரு மாடு, உன் தங்கை எல்லோரும் சுகம், இந்த வரிசையை அவளிடம் சொல்லிவிடாதே. கனடாவில் நீயும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பத்தான் ஆசை, உன் போன கடிதத்தைப் பார்த்தால் இரண்டும் செய்கிறவன் மாதிரித் தெரியவில்லை. நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் வில்லெமீனின் அப்பா, அங்கே குடியேறிய பெரென்ட், "நீயும் வோல்டரிங்க், நாங்களும் வோல்டரிங்க், எங்க முன்னோர் உங்க பண்ணையிலேருந்துதான் கிளம்பினாங்க, ஒரே ரத்தத்துல பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றாராம், நீயும் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாயாம். மாடு உதைத்தாலும் கறந்து முடிக்காமல் எழாத பையன், ஒரு கிழவர் முறைத்ததற்கு எழுந்து வந்துவிட்டாயே. நான் மூன்று வகுப்புப் படித்தவள், எனக்கே தோன்றியது உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்தில் பேர் பண்ணைக்குத்தானே, ஆளுக்கா? எதிர்வீட்டுக்காரர் யான், தன் மாமனார் பண்ணைக்குக் குடிபோன நாளிலிருந்து அவரை யாராவது சொந்தக் குடும்பப் பேரில் கூப்பிடுகிறார்களா, அந்தப் பண்ணைப் பேரில்தானே?

அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். பழைய ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் லம்மெர்ட், "ஏன் டெலா, உருளைக்கிழங்கு நடுற நேரத்துல செத்தவங்க பேரு உனக்கு எதுக்கு?" என்றார். "உயிரோட இருக்கிற ஒருத்தன் கல்யாணத்துக்குய்யா" என்றேன். நாலு செவ்வாய்க்கிழமை விடாமல் போனேன், கடைசியில் என் தொல்லை தாங்காமல் அவரே தேடிக் கொடுத்துவிட்டார். 1743-இல் மாட்டு நோய் வந்து பழைய வோல்டரிங்க் குடும்பம் பண்ணையை விட்டு பக்கத்து ஊர் வின்டர்ஸ்வைக்கில் நெசவு வேலைக்குப் போயிருக்கிறது. நெசவுக்காரனுக்கு வேறு பண்ணை ஏது, அதனால் பழைய பேரே அவர்களிடம் ஒட்டிக்கொண்டது, பெரென்ட் அந்த வழிதான். காலியாக நின்ற பண்ணையை, கோடைக்குக் கோடை ஜெர்மனியிலிருந்து புல் வெட்ட வந்த டிர்க் என்கிறவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அவருடைய முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் போதகர் எழுதியிருக்கிறார்: டிர்க், இப்போது வோல்டரிங்க். அந்த டிர்க்தான் நம் வீட்டு முன்னோர். ஒரு சொட்டு ரத்தமும் பொது இல்லை.

உன் அப்பா, ஆதியிலிருந்து எங்கள் மண் என்று மார்தட்டியவர், மூன்று நாள் காபியைக்கூட மாட்டுத் தொழுவத்தில்தான் குடித்தார். நாலாம் நாள் மெல்ல வந்து, "அந்த டிர்க் புல்லு நல்லா வெட்டியிருப்பான் இல்ல?" என்றார். "இல்லாட்டி எவன் குத்தகை குடுப்பான்" என்றேன். அதற்கப்புறம் அவரே அந்தப் பதிவின் நகலைப் போதகரிடம் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வந்தார், இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெரென்ட் வீட்டில் காபி குடிக்கும் நேரத்துக்குப் போ, நிற்காதே, உட்கார், இரண்டாவது பிஸ்கட் எடுக்காதே. அன்றைக்கும் அவர் முடியாது என்று சொன்னால் அடுத்த ஞாயிறும் போ, அதற்கடுத்த ஞாயிறும் போ. அவர் அலுக்கட்டும், நீ அலுக்கக் கூடாது.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். கம்பளிச் சட்டையை மே மாதம் வரை கழற்றாதே. மறக்காமல் பெரென்டிடம் நான் சொன்னதாகச் சொல், உங்கள் பெண்ணின் பேரை இருநூறு வருஷமாக நாங்கள்தான் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம், கல்யாணமானாலும் அவள் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்று.

உன் அம்மா,
டெலா, இப்போது வோல்டரிங்க்