பரணில் நீ தேடிய பாட்டில்

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு. சோறு மூடி வெச்சிருக்கேன், குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கோ.

பதினோரு மணிக்கு உங்கண்ணன் வருவார், குடியை விடச் சொல்லி எனக்குப் புத்தி சொல்ல. டீ போட்டுக் குடு. நான் இருக்க மாட்டேன்.

நீ பரண்ல ஏறி பாட்டில் தேடினதைப் பார்த்தேன். இனிமே தேடாத. நான் குடிக்கல.

பாப்பா ஸ்கூல் மீட்டிங்ல உட்கார முடியாம எழுந்து எழுந்து நடந்தேனே, நாக்கு குழறுச்சே, அதெல்லாம் மாத்திரை. படபடப்புக்குன்னு டாக்டர் குடுத்தது. மாத்திரை டப்பா உள்ள இருந்த சீட்டைப் படிச்சா, மனநோய்க்குக் குடுக்கிற பழைய காலத்து மாத்திரையாம். சும்மா சொல்லக் கூடாது, பயம் அடங்கிடுச்சு. ஆனா கை விறைச்சுப்போய் ஊசியில நூல் கோர்க்க வரல. கடையில ரெண்டு சட்டைக்கு காலரைக் கோணலா தெச்சு வெச்சிருக்கேன்.

அன்னிக்கு ஸ்கூல் வாசல்ல "குடிச்சிருக்கீங்களா"ன்னு நீ கேட்டப்ப ஆமான்னுட்டேன். பைத்தியம்னு நீ நினைக்கிறதுக்குப் பதிலா குடிகாரன்னே நினைச்சுட்டுப் போன்னு தோணுச்சு. இப்ப உன் முகத்தைப் பார்க்கவே கூசுது.

மாத்திரை தையல் மெஷின் டிராயர்ல, பட்டன் டப்பாக்குள்ள இருக்கு. நானா நிறுத்தல. வேற மாத்தித் தருவாரான்னு கேட்கத்தான் டாக்டர்கிட்ட போறேன்.

உங்கண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னு நீயே பார்த்துக்கோ.

இன்னொண்ணு. நேத்து பாப்பா மடியில ஏறி என் வாயை மோந்து பார்த்தா. "வாசமே வரலையேப்பா"ன்னா. புதினா மிட்டாய் சாப்பிட்டேன்னு சொன்னேன். அவகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லிடாத.