பாப்பாத்தியின் பத்திரத்தில் மூணாவது ஆள்

மாப்ள,

ஆடி பிறந்து பத்து நாள் ஆகிறது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒரு வண்டி கிடையாது. எதிரே என் கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலை இல்லாத மாசத்தில்தானே மேஜையைத் துடைக்கத் தோன்றும். டிராயரைக் காலி செய்தபோது அடியில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் உன் பேருக்கு வாங்கிய முத்திரைத்தாள் கிடைத்தது. ஸ்டாம்ப் வெண்டர் தன் கோணல் எழுத்தில் உன் பேரும் உன் அப்பா பேரும் எழுதி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய வைகாசியில் ஒரு தேதி போட்டு, சீல் குத்தியிருக்கிறார். மீதி இடமெல்லாம் வெள்ளை. வாங்கி வைத்த டீ ஆறிப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கும் எனக்கும் சொந்தம் என்று ஒன்றும் கிடையாது. சங்ககிரிப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தனை ஒருத்தன் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது. நீ லாரிக்குப் போனாய், நாலு லாரிக்கு முதலாளி ஆனாய். நான் பத்திரம் எழுத வந்தேன், நாற்பது வருஷமாக இதே நாற்காலி. தினம் காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் நீ இங்கே வண்டியை நிறுத்துவாய், இரண்டு டீ வரும், ஊர்க்கதை பேசுவோம், போய்விடுவாய்.

ஒரு நாள் டீ வந்தும் குடிக்காமல் இருந்தாய். "ஏன் மாப்ள, எனக்கும் எங்கூட்டுக்காரிக்கும் அப்பறம் பாப்பாத்திய ஆரு பாப்பாங்க?" என்றாய். அப்போது உன் பெண் பாப்பாத்திக்கு இருபத்தாறு வயசு. உடம்புக்குத்தான் இருபத்தாறு, புத்திக்கு ஆறேழுக்கு மேல் இல்லை என்று டாக்டர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மூத்தவன் செந்தில் நல்ல பையன். ஆனாலும் அவனுக்கென்று குடும்பம் ஆகிவிட்டது. நாளைக்கு யார் எப்படி மாறுவார்கள் என்று உனக்குப் பயம்.

நான் டிரஸ்ட் போடு என்றேன். நீ சிரித்தாய். "டிரஸ்ட்டெல்லாம் காலேஜ் கட்டறவங்க போடறதுங்களே, பத்திரக்காரரே?" என்று என்னைக் கிண்டல் பண்ண வேண்டுமென்றால் மட்டும் போடும் மரியாதையில் கேட்டாய். ஒரு ஆளுக்காகவும் போடலாம் என்று சொன்னேன். பைபாஸில் உனக்கு இருக்கும் ஐந்து கடைகளும் டிரஸ்டுக்கு. வாடகை பாப்பாத்தியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் வைத்தியத்துக்கும். பொறுப்புக்கு மூன்று பேர். மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவள் காலத்துக்குப் பின்னால் செந்திலின் பிள்ளைகளுக்கு. லாரியும் தோட்டமும் நேராகச் செந்திலுக்கு. இவ்வளவும் கேட்டுவிட்டு, "வண்டி ஓட்டறது மூணு பேரு, லோடு மட்டும் அவளோடது. அப்படித்தானே?" என்றாய். இத்தனை வருஷத்தில் நான்கூட யாருக்கும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அடுத்த வாரமே ஒரு லாரி டிரிப் ஷீட்டின் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாய். பாப்பாத்தியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. தயிர் சோற்றில் கடுகு இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். கரண்ட் போனால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேச வேண்டியதில்லை. ஊசி போடுவதென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், ஏமாற்றிக் கூட்டிப் போகக் கூடாது. பஸ்ஸில் ஜன்னலோரம். லாரி ஹாரன் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று ரோட்டுக்கு ஓடுவாள், கேட்டைப் பூட்டி வைக்கவும். "இதெல்லாம் பத்திரத்துல போடுவாங்களா?" என்று கேட்டாய். போட மாட்டார்கள், ஆனால் பத்திரத்தோடு சேர்த்து வைக்கலாம் என்றேன். முத்திரைத்தாள் அன்றைக்கே வாங்கினாய்.

மூன்று பேரில் இரண்டு பேர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. உன் மனைவி, செந்தில். மூன்றாவது ஆள் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று சொன்னவன் நான்தான். சொன்ன வாயை மூடும் முன்னே நீ, "அப்ப நீதான்" என்றாய். நான் பதறிப்போய், "பத்திரம் எழுதறவன் பத்திரத்துக்குள்ள வரக் கூடாது, மாப்ள" என்றேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. பயம், வேறொன்றும் இல்லை. டிரஸ்டியாக இருந்து கோர்ட்டுக்கு அலைந்தவர்களை இந்த நாற்காலியில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன். இந்த வயசுக்குமேல் அடுத்த வீட்டுப் பொறுப்பு எதற்கு என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லாமல் சட்டத்தைச் சொன்னேன்.

வைகாசி போயிற்று. ஆனியில் இரண்டு தடவை கேட்டாய். பாக்கலாம், பாக்கலாம் என்றேன். அப்புறம் ஆடி வந்துவிட்டது. ஆடியில் நம் பக்கம் யாரும் பத்திரம் போட மாட்டார்கள். ஆடிப்பெருக்கு ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். அந்த நாளுக்கு வாயேன் என்று பேச்சுக்குக் கேட்டேன். நீ காலண்டரைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சந்திராஷ்டமம் மாப்ள. ஆவணில மொத முகூர்த்தத்துக்குப் போட்டுக்கலாம்" என்றாய். சரி என்றேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது.

இதை நான் இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். டிரஸ்ட் சங்கதி முழுவதையும் அந்த உயிலிலேயே எழுதிவிடலாம். ஆடி முடியும்வரை அது காவலாக இருக்கும். எத்தனையோ பேருக்கு நானே வலியச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயந்திரமே நீ எழுதச் சொல்லியிருப்பாய், மூணாவது பேர் என் பேராக இருந்திருக்கும். நீ நல்ல நாளுக்காகத் தள்ளிப்போட்டாய். நான் தப்பித்துக்கொள்ளத் தள்ளிப்போட்டேன்.

ஆடி இருபத்துநாலாம் தேதி பட்டறையில் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது சும்மா மனசுக்காகத்தான்.

கருமாதி எல்லாம் முடிந்து ஆவணிக் கடைசியில் ஒரு காலை, கடை வாசலில் கார் நின்றது. முன்னால் உன் மச்சினன் இறங்கினான். பின்னாலேயே செந்தில், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு பாப்பாத்தி. மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு விடுதலைப் பத்திரம் எழுதோணுங்க" என்றான்.

நம் பக்கத்தில் இது சாதாரணம். அப்பா போனதும் பெண்பிள்ளைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். பதிலுக்குப் பொறந்தவன் காலம் பூராவும் சீர் செய்வான். எத்தனை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எழுதும்போது ஒரு நாளும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"பாப்பாத்தி எப்படிங்க எழுதிக் குடுப்பா?" என்றேன்.

"அவளுக்குத்தான் நல்லாக் கையெழுத்து வருதே. அவங்கப்பா சொல்லிக் குடுத்துருக்காருல்ல. ஆபீசர் கேட்டா ஆமாங்கன்னு தலையாட்டோணும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துருக்கறன்" என்றான் மச்சினன்.

கையெழுத்து என்று காதில் விழுந்ததும் அவள் என் பேனாவை எடுத்துக்கொண்டாள். மேஜையில் கிடந்த காகிதத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பேரை எழுதி முடித்து, கீழே ஒரு கோடும் இழுத்தாள். உன் கையெழுத்துக்குக் கீழே நீ இழுக்கும் அதே கோடு. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எம்புள்ள எங்கயும் கைநாட்டு வெக்கக் கூடாது" என்று இரண்டு வருஷம் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தாயே, எழுத வந்த அன்றைக்கு அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தாயே. அந்தக் கையெழுத்தை வைத்தே அவளை வெறுங்கையாக்கிவிடலாம் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

"இது செல்லாதுங்க. செல்லாதுன்னு தெரிஞ்சு நான் எழுத மாட்டேன்" என்றேன்.

"பத்திரம் எழுத ஊருல நீங்க ஒருத்தர்தானுங்களா?" என்று மச்சினன் எழுந்துவிட்டான். எழுந்ததில் தப்பில்லை. நாலு கடை தள்ளிப் போனால் எழுதிக் கொடுப்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள். டிராயரில் இருந்து, நான் எழுதி வைத்திருந்த டிரஸ்ட் வரைவையும் உன் டிரிப் ஷீட்டையும் எடுத்துச் செந்தில் கையில் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் உயில் எழுதலாம் என்று உன்னிடம் சொல்லாமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னேன்.

செந்தில் நின்றபடியே படித்தான். கெட்ட எண்ணத்தோடு வந்தவன் இல்லை அவன். ஊரில் எல்லார் வீட்டிலும் செய்வதைச் செய்ய வந்தவன். லாரி ஹாரன் வரிக்கு வந்ததும் அவன் கண் அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்து, "அப்பா தெனம் உங்ககூடத்தானுங்க மாமா டீ குடிச்சாரு. தெரிஞ்சுட்டே சொல்லாம இருந்தீங்களா?" என்றான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தங்கச்சி, மகன் கையிலிருந்த வரைவை வாங்கிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, மூணாவது பேரு இருக்கற எடம் காலியா இருக்குதுங்களே?"

"ஆமாம்மா."

"உங்க பேர எழுதுங்க" என்றாள். தன் தம்பியான உன் மச்சினன் பக்கம் திரும்பி, "நீ போயிக் காருல சித்த உக்காரு, சாமி" என்றாள். நாற்பது வருஷத்தில் ஒரு பத்திரத்தில் என் பேரை நான் கடைசியில், எழுதியவர் என்ற இடத்தில்தான் போட்டிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக உள்ளே எழுதினேன்.

நீ இருக்கும்போது ஒரு காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு வருஷம் இழுத்தது. தங்கச்சியும் செந்திலும் கடைகளில் தங்கள் பங்கை டிரஸ்டுக்கு எழுதி வைத்தார்கள். பாப்பாத்தியின் பங்கு அவள் பேரிலேயே இருக்கிறது. அதற்குச் சட்டப்படி அம்மாவைக் கார்டியனாக நியமிக்க, கலெக்டர் ஆபீஸ் கமிட்டிக்கு மனு, மெடிக்கல் சர்டிபிகேட், நேர் விசாரணை என்று எல்லாம் ஆனது. எல்லாம் கைக்கு வந்தபோது மறுபடி ஆடி. செந்தில் தயங்கித் தயங்கி ஆவணிக்குப் போகலாமா என்றான். "ஆடியில இல்லாதது ஆவணியில என்னத்தக் கொட்டிக் கெடக்குது? நாளைக்கே போடுங்க" என்றாள் உன் மனைவி. மறுநாள் அஷ்டமி. ஆபீஸில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. பாப்பாத்தியிடம் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்று ஒரு ஷரத்தையும் நானாகச் சேர்த்திருந்தேன்.

ஷரத்து இருந்தால் ஆயிற்றா? அவளுக்கு ஷரத்து தெரியுமா? கூரியர் கொண்டுவருகிறவன் நீட்டினாலும் போடுகிறாள், கேஸ் கொண்டுவருகிறவன் நீட்டினாலும் போடுகிறாள். போட்டுவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று முகத்தைப் பார்க்கிறாள். அதனால் ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் வீட்டுக்குப் போகிறேன். அவள் நோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். வேறு தாள் என்றால் அம்மா, அண்ணன், இந்த மாமா மூன்று பேரும் பக்கத்தில் நின்று சொன்னால்தான் போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. கிளம்பும்போது சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவேன். வாரா வாரம் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள். நான் அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் நீட்டினேன். "மாமனுக்கு இதுல ஒரு கையெழுத்துப் போடு, சாமி" என்றேன். பேனாவை வாங்கி மூடியைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் மூடியை மாட்டிப் பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, "மாட்டன் போ. மூணு பேரு வரோணும்" என்றாள்.

அழுதுவிட்டேன், மாப்ள. அடக்க முடியவில்லை. அவள் பயந்துபோய்விட்டாள். என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பையில் இருந்த பேனாவை மறுபடி உருவிக்கொண்டு, "அழுவாத மாமா, போட்டுத் தரட்டா?" என்றாள்.

வேண்டாம் சாமி, வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். வர்ற ஞாயிற்றுக்கிழமையும் போவேன்.