பாலத்தடியில் கொட்டிய தவிடு

என் பாசமுள்ள ரோசா மச்சாளுக்கு,

நீங்கள் பிறந்த நறுவிலிக்குளத்தில் உங்கள் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு நேற்று வரும்போது, மன்னார்ப் பாலத்தைக் கடந்தோம். இப்போது அங்கே யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடியது. உங்களுக்கும் கடைசிவரை அப்படித்தானே இருந்தது?

சுற்றிவளைப்பில் ஆமி அண்ணனைக் கொண்டுபோன பிறகு, பள்ளிமுனை வீட்டில் நமக்கு மிஞ்சியது அந்தக் கறுப்பு நாட்டுப் பன்றிதான். குட்டிகளை விற்றால்தான் முகாம் முகாமாக ஏறி இறங்கி அவரைத் தேடலாம். நமக்கே சோறு தட்டுப்பாடு. பன்றிக்கு மரவள்ளித் தோலும் கழுநீரும்தான் வைத்தோம். முதல் ஈற்றில் நாலே குட்டிகள். இரண்டு செத்தே பிறந்தன. பால் சுரக்கவில்லை. மற்ற இரண்டையும் தாயே கடித்துப்போட்டது. இறைச்சிக்கு விற்றுவிடச் சொன்னேன். நீங்கள் மறுத்துவிட்டீர்கள்.

"பண்டியில பிழையில்லை பிலோமினா. காய்ஞ்ச வயித்தில குட்டி எப்பிடித் தங்கும்? முதல்ல தாயைத் தேத்துவம்."

ஆண் பன்றியோடு சேர்ப்பதற்கு முன்பே தீனியை மாற்றினீர்கள். கரையில் வீசும் மீன் தலைகளை அவித்து, முருங்கையிலையும் உங்கள் ஊர் ஆலைத் தவிடும் கலந்து கொடுத்தோம். விலா எலும்புகள் மறைந்தன. சினையும் பிடித்தது.

ஈனும் நாள் நெருங்கியபோது தவிடு முடிந்துவிட்டது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாலத்தடியில் மறித்தார்கள். ஆமிக்காரன் ஒருவன் மூட்டையைக் கத்தியால் கிழித்தான். தவிடு தார் ரோட்டில் கொட்டியது. இது யார் தந்தது, உள்ளே என்ன ஒளித்தீர்கள் என்று அரைகுறைத் தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டான். வீட்டில் ஆம்பிளை எங்கே என்றான். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நீங்கள் சொன்னதும் அவன் முகம் மாறியது. நம் அட்டைகளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொருவனோடு நம் பின்னாலேயே வீட்டுக்கு வந்தான். நீங்கள் என்ன நினைத்து நடந்தீர்கள், மச்சாள்? நான் ஒருநாளும் கேட்கவில்லை.

கூட்டுக்குள் பன்றி ஈன்றுகொண்டிருந்தது. இரண்டு குட்டிகள் வைக்கோலில் கிடந்தன. சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அது உறுமி எழுந்து, குட்டிகள் பக்கம் வாயைத் திருப்பியது. அவன் துவக்கை நீட்டியபடி இன்னும் கிட்டப் போனான். நீங்கள் நடுவில் போய் நின்றீர்கள்.

"தள்ளி நில்லுங்கோ ஐயா. பயந்தால் குட்டியளைத் திண்டுபோடும்."

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. உங்கள் முகத்தையே பார்த்தான். துவக்கு இறங்கவில்லை. பிறகு மெல்லப் பின்வாங்கி வேலியோடு நின்றான். பன்றி திரும்பப் படுத்தது. மொத்தம் ஒன்பது குட்டிகள், மச்சாள். ஒன்பதும் முலை பிடித்தன. அவர்கள் அட்டைகளைத் தந்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் குட்டிகளை விற்றுத்தான் அலைந்தோம். மாரி முடியுமுன் அண்ணன் முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்.

நீங்கள் போனதிலிருந்து அவர் சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் தள்ளிவைக்கிறார். கேட்டால் பசியில்லை என்கிறார். உங்களுக்கு வாக்குத் தருகிறேன்: ஒவ்வொரு நேரமும் அவர் பக்கத்தில் போய் இருப்பேன். அவர் சாப்பிட்டு முடிக்காமல் எழும்பமாட்டேன்.

உங்கள் மனுசனின் தங்கச்சி, உங்கள் மச்சாள்,
பிலோமினா