செத்துப்போன ஹாலிபட்

ஹோமர் துறைமுகம், அலாஸ்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நலம்தான்.

நேற்று நான் வேலை பார்க்கும் சுற்றுலா மீன்பிடிப் படகில் ஒரு பயணியின் தூண்டிலில் என் உயரத்துக்கு ஒரு ஹாலிபட் மீன் சிக்கியது. அவ்வளவு பெரிய மீனைத் தண்ணீரிலேயே சுட்டுக் கொன்ற பிறகுதான் படகில் ஏற்றுவோம். நான்தான் சுட்டேன்.

"செத்துடுச்சா டெஸ்?" என்று கேப்டன் வெர்ன் கேட்டார்.

"எப்பவோ செத்துடுச்சு, தூக்குங்க!" என்றேன்.

ஏற்றியதும் அது துள்ளி வாலால் அடித்தது. அவர் கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"அடிப்பாவி, இதுவா செத்த மீனு?" என்று வலியிலும் சிரித்தார்.

நாளை முதல் வேறு கேப்டன் வருகிறார், இனியும் சுடப்போவது நான்தான். தம்பியின் ஹாக்கி கால் கவசத்தை அனுப்புங்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

எழுத்து கோணலாக இருப்பதற்குப் படகின் ஆட்டம்தான் காரணம் என்று எழுத நினைத்தேன். ஆனால் அப்பா, நான் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் டெஸ்